ஒட்டிய இடத்தில் இருக்கும் மதிப்பு

பாஸ்டன் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் வாரியம் 1834-ல் மதுரையிலும், அடுத்த ஆண்டே திண்டுக்கல்லிலும் கால் ஊன்றியது. 1816 முதல் யாழ்ப்பாணத்தில் தமிழ் படித்து, பள்ளிகள் நடத்திப் பழகியிருந்த மிஷன் அது. அங்கிருந்துதான் பாக் நீரிணையைத் தாண்டி நம் பக்கம் வந்தது. வந்தவர்கள் ஓயாமல் எழுதினார்கள். வாரியத்துக்கு அறிக்கை, பெற்றோருக்கு நலம், சகோதரிக்கு ஊர்க்கதை, பிள்ளையைப் பறிகொடுத்த செய்தி என்று எல்லாவற்றையும் தாளில் இறக்கி வைத்தார்கள்.

திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1875-ல்தான். அதற்கு முன்னால் இந்தச் சமவெளியின் தபால், ஓட்டக்காரர்களின் தோளில் போனது. இன்று தாமரைப்பாடி, வடமதுரை, அய்யலூர் என்று பேருந்தில் அரைத் தூக்கத்தில் கடந்துபோகும் தூரத்தை ஒருவர் ஓடிக் கடந்து, அடுத்தவர் கையில் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருப்பார். சென்னையில் கப்பல் ஏறும் கடிதம் காலே, ஏடன் வழியாகச் சூயஸ் போகும். கால்வாய் திறக்கப்பட்டது 1869-ல்தான் என்பதால் அங்கே இறங்கி எகிப்து மண்ணைத் தரைவழியாகக் கடந்து அலெக்சாண்டிரியாவில் மறுபடி கப்பல் ஏறும். பிறகு இங்கிலாந்து, லிவர்பூலில் இன்னொரு கப்பல், கடைசியில் பாஸ்டன். பதில் அதே வழியாகத் திரும்பி வரும்.

அப்படித் திரும்பி வந்த கடிதங்களைப் பற்றித்தான் நான் நீண்ட காலமாக யோசித்து வருகிறேன். பழைய அமெரிக்கத் தபால்தலைகளின் ஏலப் பட்டியல்களைப் படிக்கும்போதெல்லாம் மனம் திண்டுக்கல்லுக்கு வந்து நிற்கிறது. அமெரிக்கா தன் முதல் பொதுத் தபால்தலைகளை வெளியிட்டது 1847 ஜூலை 1 அன்று. அப்போது திண்டுக்கல் மிஷன் நிலையத்துக்குப் பன்னிரண்டு வயது.

அந்த வெளியீட்டில் இரண்டே தபால்தலைகள். ஐந்து சென்ட் தலையில் பெஞ்சமின் பிராங்க்ளின், செம்பழுப்பு நிறத்தில். பத்து சென்ட் தலையில் ஜார்ஜ் வாஷிங்டன், கறுப்பில். நியூயார்க்கில் வங்கி நோட்டு அச்சடித்துக் கொண்டிருந்த ராடன், ரைட், ஹாட்ச் அண்ட் எட்சன் நிறுவனம் எஃகுத் தகட்டில் செதுக்கி அச்சிட்டது. அன்றைய கட்டண விதி எளிமையானது: அரை அவுன்ஸ் கடிதம் 300 மைலுக்குள் போனால் ஐந்து சென்ட், அதற்கு மேல் பத்து சென்ட். வெளிநாடு போகிற கடிதத்துக்கும் துறைமுகம் வரைக்குமான உள்நாட்டுச் செலவுக்கு இந்தத் தலைகள் பயன்பட்டன. மகன் தென்னிந்தியாவில் மிஷனரியாக இருக்க, பாஸ்டனுக்கு அருகே ஒரு கிராமத்தில் வாழ்ந்த தாய், வாரியத்தின் மிஷன் இல்லத்துக்குக் கடிதத்தைச் சேர்க்க ஒரு பிராங்க்ளினை ஒட்டியிருக்கலாம். தொலைவில், ஒஹையோவில் இருந்த தந்தைக்கு ஒரு வாஷிங்டன் தேவைப்பட்டிருக்கும். ஆனால் அன்று முன்கூட்டியே கட்டணம் செலுத்துவது கட்டாயமாக்கப்படவில்லை. ஆகவே பெரும்பாலான கடிதங்கள் தபால்தலையே இல்லாமல் பயணம் செய்தன. நாலே ஆண்டில், 1851 ஜூலையில், கட்டணம் மூன்று சென்டாகக் குறைந்தது; புதிய தலைகள் வந்தன; 1847-ன் இரண்டு தலைகளும் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. ஆயுள் நாலு வருஷம்.

இந்த இரண்டு தலைகளையும் மதிப்பிடும் முறை, பழந்தபால்தலை உலகம் முழுவதற்குமான பாடம். முதலில் விளிம்பு. அப்போது தலைகளைப் பிரிக்க ஓரத்துளை கிடையாது; தபாலகத்தில் தாளைக் கத்தரிக்கோலால் வெட்டித் தருவார்கள். வெட்டிய கை அவசரப்பட்டிருந்தால் ஒரு பக்கம் சித்திரத்துக்குள்ளேயே இறங்கிவிடும். நாலு பக்கமும் வெள்ளை விளிம்பு தெளிவாக உள்ள தலைக்கும் இரண்டு பக்கம் மட்டும் உள்ள தலைக்கும் விலை வித்தியாசம் பல மடங்கு. அடுத்து நிறம். ஐந்து சென்டின் பழுப்பு, அச்சுக்கு அச்சு மாறியது. ஆரஞ்சு கலந்த சில அரிய நிறபேதங்களுக்குத் தனி விலை. பிறகு முத்திரை. நியூயார்க் தபாலகம் சிவப்பு மையில் குத்திய கட்ட முத்திரை, கறுப்பு வாஷிங்டன்மேல் பளிச்சென்று விழுந்திருந்தால் சேகரிப்பாளர் மகிழ்வார். சிறிய ஊர்களின் தபால் அதிகாரிகள் பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். அதற்கு விலை குறைவு. அதனால்தான் பேனாக் கோட்டை ரசாயனத்தில் கழுவி அழித்துவிட்டு, பயன்படுத்தாத புதுத்தலை என்று விற்பவர்கள் தோன்றினார்கள். புற ஊதா விளக்கின்கீழ் பிடித்தால் கழுவிய மையின் நிழல் எழுந்து வரும். தாளைப் பின்பக்கமிருந்து வெளிச்சத்தில் பார்த்தால், எப்போதோ ஆல்பத்திலிருந்து பிய்த்தபோது மெலிந்துபோன இடம் தெரியும், மடிப்பும் தெரியும்.

இன்னொரு சிக்கலை அமெரிக்க அரசாங்கமே உண்டாக்கியது. 1876-ல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியை முன்னிட்டு 1847-ன் தலைகளை மறுபடி அச்சிட விரும்பினார்கள். பழைய தகடுகள் இல்லாததால் புதிதாகச் செதுக்கி அச்சிட்டார்கள். தபாலுக்குச் செல்லாத அந்தப் பிரதிகளும் இன்று ஒன்றரை நூற்றாண்டுப் பழமை உடையவை. தெரியாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். வாஷிங்டனின் முகபாவத்திலும் பிராங்க்ளினின் சட்டை மடிப்பிலும் உள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கண்டு சொல்ல நிபுணர் வேண்டும். நியூயார்க்கின் பிலாடெலிக் ஃபவுண்டேஷன், லண்டனின் ராயல் பிலாடெலிக் சொசைட்டி போன்ற அமைப்புகள் தரும் சான்றிதழ் இல்லாமல் இந்த வட்டத்தில் பெரிய விலைக்கு எதுவும் கைமாறுவதில்லை.

விளிம்பு, நிறம், முத்திரை, தாள், உண்மைத்தன்மை ஆகிய ஐந்தும் கடந்த பிறகுதான் அரிதானது என்ற பேச்சு வருகிறது. அங்கேதான் எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம் இருக்கிறது. ஐந்து சென்ட் தலைகள் சுமார் 37 லட்சம், தபாலகங்களுக்கு அனுப்பப்பட்டன. பத்து சென்டில் எட்டரை லட்சத்துக்கு மேல். பெரும்பகுதி அழிந்துவிட்டது என்றாலும் தேடினால் வாங்கக் கிடைக்கிற தலைகளே. ஆனால் அதே தலை தன் கடிதத்தில் ஒட்டியபடி, தேதி தெரியும் முத்திரையோடு, போய்ச் சேர்ந்த ஊர் தெரியும் விலாசத்தோடு கிடைப்பது வேறு கதை. அது தொலைதூர ஆசிய ஊருக்குப் போன கடிதமாக இருந்துவிட்டால் அரிதினும் அரிது. ஐந்து சென்ட் தலைக்கு ஒரு விலை. ஐந்து சென்ட் தலை செய்த பயணத்துக்கு வேறொரு விலை. சந்தையே இன்று இரண்டாவதைத்தான் மேலாக மதிக்கிறது.

நம் நாட்டின் ஆரம்பத் தலைகளும் இதையே சொல்கின்றன. 1852 ஜூலை 1 அன்று சிந்து மாகாணத்தில் பார்டில் ஃபிரேர் வெளியிட்ட சிந்து டாக், ஆசியாவின் முதல் தபால்தலை. அரையணா மதிப்பு. வெள்ளை, நீலம், சிவப்பு என மூன்று வகை. சிவப்பு வகை அரக்கு வில்லைபோல் நொறுங்கக்கூடிய பொருளில் செய்யப்பட்டதால் முழுசாகத் தப்பியவை வெகு சில. 1854 அக்டோபரில் டல்ஹவுசி காலத்துத் தபால் சட்டத்தின்கீழ் இந்தியா முழுமைக்கும் தபால்தலை வந்தது. கல்கத்தாவில் சர்வேயர் ஜெனரல் அலுவலகத்தில் கேப்டன் துய்லியர் பொறுப்பில் கல்லச்சில் அடிக்கப்பட்டவை அவை. முதலில் அரையணாவைச் சிவப்பில் அடிக்க முயன்றார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த சிவப்புச் சாயம் தீர்ந்துபோனதால் நீலத்துக்கு மாறினார்கள். தூரக் கணக்கு ஒழிந்து, கால் தோலா எடையுள்ள கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் அரையணாவில் போகலாம் என்ற நிலை வந்தது. வடமதுரையில் ஒரு விவசாயி கல்கத்தாவுக்கு எழுதினாலும் திண்டுக்கல்லுக்கு எழுதினாலும் ஒரே காசு. சாமானியரின் கையில் கடிதம் என்ற சாதனத்தைக் கொடுத்த காரியம் இது. அந்த நீல அரையணாவைப் பார்க்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது அதன் விலை இல்லை, அந்தத் துணிச்சல்தான்.

அதே ஆண்டின் நாலணா தலை நீலம், சிவப்பு என இரு நிறத்தில் இருமுறை அச்சானது. சில தாள்கள் இரண்டாம் முறை தலைகீழாக உள்ளே போனதால் ராணியின் தலை கவிழ்ந்து அச்சாகிவிட்டது. உலகில் இவ்வகைப் பிழைகளில் மிகப் பழைய ஒன்று அது. அமெரிக்காவில் 1918-ல் விமானம் கவிழ்ந்து அச்சான ‘இன்வெர்ட்டட் ஜென்னி’யைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், கல்கத்தாவின் பிழை அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. அவற்றில் பலவற்றை அன்றைய வழக்கப்படி எண்கோண ஓரத்தை ஒட்டி வெட்டிவிட்டார்கள். சதுர விளிம்போடு மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. கத்தரிக்கோல் போன இடத்தில் மதிப்பும் போய்விட்டது.

மறுபடி பாஸ்டன் வாரியத்துக்கு வருகிறேன். திண்டுக்கல்லுக்கு ஆள் அனுப்பிய அதே வாரியம் 1819-ல் ஹவாய்த் தீவுகளுக்கும் ஆள் அனுப்பியிருந்தது. அங்கே 1851 அக்டோபரில் ஹோனலூலுவின் தபால் அதிகாரி ஹென்றி விட்னி தபால்தலை அச்சிட்டார். அவர் அந்த மிஷனில் பிறந்த பிள்ளை. இரண்டு சென்ட், ஐந்து சென்ட், பதின்மூன்று சென்ட், மெல்லிய தாள், எளிய அச்சு. மிஷனரிகள் ஊருக்கு எழுதிய கடிதங்களில் பிற்காலத்தில் அதிகம் கிடைத்ததால் ‘மிஷனரிகள்’ என்றே அவற்றுக்குப் பெயர் நின்றுவிட்டது. இரண்டு சென்ட் தலையில் உலகில் ஏறத்தாழ 15 மட்டுமே எஞ்சியுள்ளன. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் கடிதத்தோடு இருக்கிறது. ஒரு தொழிற்சாலை உலையில் திணித்த காகிதக் கட்டு அது. இறுக்கக் கட்டியிருந்ததால் எரியாமல், ஓரம் மட்டும் கருகித் தப்பியது. 1995-ல் ஏலத்தில் அந்த உறை ஏறத்தாழ 20 லட்சம் டாலருக்குப் போனது. கருகிய ஓரம் அதன் விலையைத் தாழ்த்தவில்லை. யார், யாருக்கு, எந்த ஊரிலிருந்து என்ற கேள்விகளுக்கு அந்த உறை பதில் வைத்திருக்கிறது.

இதே ஹவாய்த் தலைகள் இன்னொரு வழக்கையும் தந்தன. கலிபோர்னியாவில் கிரின்னெல் என்ற பள்ளி ஆசிரியரிடம் முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில் ஒரு கட்டு ‘மிஷனரிகள்’ வெளிவந்தது. பெரிய விலைக்கு விற்றும் விட்டார். 1922-ல் நீதிமன்றம் அவற்றைப் போலி என்று தீர்ப்பளித்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனின் ராயல் பிலாடெலிக் சொசைட்டி நீண்ட ஆய்வுக்குப் பிறகு அதே முடிவுக்கு வந்தது. இடைப்பட்ட எண்பது ஆண்டுகளும் கிரின்னெல் குடும்பம் அவை உண்மை என்றே வாதாடியது. வாதம் இவ்வளவு நீண்டதற்குக் காரணம் உண்டு: ஒரு தலை தான் பயணப்பட்ட கடிதத்தில் இருந்தால் அதுவே சாட்சி சொல்லும். கடிதத்தை இழந்த தலைக்காக மற்றவர்கள்தான் வாதாட வேண்டியிருக்கிறது.

விலை எவ்வளவு நிலையில்லாதது என்பதற்குப் பிரிட்டிஷ் கயானாவின் 1856-ம் ஆண்டு ஒரு சென்ட் மெஜந்தாவே போதும். தோட்டக்கூலியாக நம்மவரும் போன அந்த நாட்டில், 1873-ல் ஒரு சிறுவன் வீட்டுக் காகிதங்களுக்கிடையே கண்டெடுத்துச் சில ஷில்லிங்குக்கு விற்றது அது. உலகில் ஒன்றே ஒன்று. 2014-ல் 95 லட்சம் டாலரை நெருங்கியது. 2021-ல் 83 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. இடையே தலையில் எதுவும் மாறவில்லை. வாங்க வந்தவர்களின் மனநிலை மாறியது. விலைப்பட்டியலை மட்டும் நம்பிச் சேகரிப்பவர் அடுத்தவர் மனநிலையைச் சேகரிக்கிறார்.

திண்டுக்கல்லுக்கு வந்த அமெரிக்கக் கடிதங்கள் என்ன ஆயின? முழு விடை யாரிடமும் இருக்க முடியாது. ஆனால் அந்தக் காலத்து வழக்கம் தெரியும். 1860-களில் தபால்தலை சேகரிப்பு பள்ளிப் பையன்களின் பித்தாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. ஆல்பத்தில் கட்டம் போட்டிருக்கும். அந்தக் கட்டத்தில் தலை மட்டும் பொருந்தும், கடிதம் பொருந்தாது. வெட்டினார்கள். வெந்நீரில் ஊறவைத்துக் கழற்றினார்கள். பிற்பாடு கன்னிமாடங்களும் மிஷன்களும் வந்த கடிதங்களின் தலைகளை உறையின் மூலையோடு கிழித்துச் சேர்த்து, எடைக்கு எடை வியாபாரிகளுக்கு விற்றன. அந்தக் காசு பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போனது. ‘மிஷன் மிக்ஸ்ச்சர்’ என்று இன்றும் அந்தக் கலவையைச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். நல்ல நோக்கத்துக்காக நடந்த காரியம்தான். ஆனால் ஒவ்வொரு கிழிசலிலும் ஒரு விலாசம், ஒரு தேதி, ஒரு கையெழுத்து குப்பைக்குப் போயிற்று.

அனுப்பிய பக்கம் வேறு விதமாக நடந்துகொண்டது. நம் ஊர்களிலிருந்து மிஷனரிகள் வாரியத்துக்கு எழுதிய கடிதங்களை வாரியம் தொகுத்து, பைண்டு செய்து வைத்தது. இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் அவை இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் திண்டுக்கல், வத்தலக்குண்டு, பசுமலை பற்றி ஆராய்கிறவர் அங்கே போகிறார். மிஷனரி பார்த்த திண்டுக்கல் அங்கே கிடைக்கும். மிஷனரியிடம் சமையல் செய்தவர், வேதாகமம் படித்துக் காட்டியவர், மருந்து வாங்க வந்தவர் எழுதிய, எழுதுவித்த கடிதங்கள் அங்கே மிகக் குறைவு. அவை இங்கே இருந்திருக்க வேண்டியவை.

அப்படி இங்கே இருந்திருக்கக்கூடிய ஒரு கடிதத்தை நினைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வெடித்த 1861-ல், தெற்கு மாநிலங்களின் கையில் சிக்கிய தலைகள் பயன்படாதபடி வாஷிங்டன் அரசு முந்தைய தலைகளை எல்லாம் செல்லாதவை ஆக்கிற்று. அதே போர் அமெரிக்கப் பஞ்சின் வரத்தை நிறுத்தி, சென்னை மாகாணத்துப் பஞ்சின் விலையைத் தூக்கிவிட்டது. அங்கே ஒரு தலை செல்லாமல் போக, இங்கே கரிசல் காட்டில் ஒரு விவசாயியின் பருத்தி பொன்னானது. அந்த வருஷங்களில் ஒரு பருத்தி வியாபாரி எழுதிய அரையணாக் கடிதம் உள்ளே எழுதியதோடு கிடைத்தால், ஏலக்காரர் அதற்குச் சில நூறு ரூபாய் சொல்லலாம். வரலாறு எழுதுபவருக்கு அது விலைமதிக்க முடியாத ஆவணம்.

வடமதுரைச் சுற்றுவட்டாரத்தில் இன்னும் பழைய டிரங்குப் பெட்டிகள் இருக்கின்றன. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் குடும்பங்கள் திண்டுக்கல் சீமையில் கொஞ்சமா? ஆரம்ப காலத்தில் சிங்கப்பூரில் புழங்கியதே இந்தியத் தபால்தலைதான். பி 172 என்ற எண் முத்திரை அதன்மேல் விழுந்திருந்தால் அது சிங்கப்பூர்த் தபாலகம் என்று உலகம் முழுக்கத் தெரியும். அப்படி ஒன்று நம் பக்கத்துப் பெட்டியில் இருக்கும் என்று நான் ஆசை காட்டவில்லை. பெரும்பாலான பெட்டிகளில் இருப்பவை முப்பதுகள், நாற்பதுகளின் ஆறாம் ஜார்ஜ் தலைகள். சுதந்திரத்துக்குப் பின்னான கார்டுகள். பணம் அனுப்பிய மணியார்டர் துண்டுகள். சந்தையில் அவற்றுக்கு விலை சொற்பம். பையன்கள் தலையைக் கிழித்துக்கொண்டு மீதியை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

அவர்களிடம் நான் வேண்டுவது இதுதான். தலையைக் கழற்றாதீர்கள். நீரில் போடாதீர்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். கடிதத்தை விரித்துப் படியுங்கள். யார் எழுதியது, யாருக்கு, அப்போது அவர் எங்கே என்ன வேலையில் இருந்தார் என்று வீட்டில் மூத்தவர்களைக் கேட்டுத் தனித் தாளில் பென்சிலால் குறித்து உடன் வையுங்கள். அத்தையோ பெரியப்பாவோ உயிரோடு இருக்கும்போதுதான் அந்தத் தாளை எழுத முடியும். பிறகு எந்த நிபுணராலும் எழுத முடியாது. விற்கத்தான் வேண்டும் என்றால், சென்னையில் 1956 முதல் இயங்கும் தென்னிந்திய தபால்தலை சேகரிப்போர் சங்கம் போன்ற இடங்களில் விவரமறிந்தவரிடம் முழு உறையாகவே காட்டுங்கள்.

சேகரிப்பாளர்களும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். அழகான விளிம்புக்கு லட்சம் கொடுக்கத் தயங்காத கை, வாசிக்கத் தகுந்த ஒரு தமிழ்க் கடிதத்துக்கு ஆயிரம் கொடுக்கத் தயங்குகிறது. அமெரிக்கர்கள் தங்கள் 1847-ன் கடிதங்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனது என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். பல தலைமுறை ஆர்வலர்கள் சம்பளமில்லாமல் செய்த வேலை அது. அந்தப் பட்டியல்தான் அந்தத் தலைகளுக்கு இவ்வளவு மதிப்பைத் தேடித் தந்தது. திண்டுக்கல் மாவட்டத்தின் தபாலகங்களுக்கும், அவற்றின் முத்திரைகளுக்கும், அவை சுமந்த கடிதங்களுக்கும் அப்படி ஒரு பட்டியல் போட ஒரு நோட்டும், சில வீடுகளின் கதவைத் தட்டும் பொறுமையும் உள்ள நாலு இளைஞர்கள் போதும். விலையை ஏலம் தீர்மானிக்கட்டும். மதிப்பைத் தீர்மானிப்பது, அந்தக் கடிதம் யாருடையது என்று சொல்ல இந்த ஊரில் ஒருவர் இருக்கிறாரா என்பதுதான். அந்த ஒருவரை உண்டாக்குவது நம் கையில் இருக்கிறது.